ஒரே வட்டிலிருந்து பல கணினிகள்: மெய்நிகர் இயந்திரங்களுக்கான படிமங்களை ஆயத்தம் செய்தல்

ஒரு மெய்நிகர் இயந்திரத்தில், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், இயங்குதளத்தைக் கொண்டுவர இரண்டு வழிகள் இருக்கின்றன. நிறுவல் வட்டை மாட்டி, மொழி என்ன, வட்டை எப்படிப் பிரிப்பது, பயனர் பெயர் என்ன என்று அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லி, பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாக இறங்கி முடியும் வரை காத்திருப்பது முதல் வழி. ஏற்கெனவே நிறுவி முடித்த வட்டு ஒன்றை அப்படியே நகலெடுத்து, அந்த நகலிலிருந்து கணினியைத் துவக்குவது இரண்டாவது வழி. அமேசான், அஸூர், கூகுள் கிளவுட் போன்ற சேவைகளில் பொத்தானை அழுத்திய சிறிது நேரத்தில் புதிய சர்வர் ஒன்று வந்து நிற்பது இந்த இரண்டாவது வழியால்தான். அங்கே யாரும் எதையும் புதிதாக நிறுவுவதில்லை. முன்பே ஆயத்தம் செய்து வைத்த ஒரு வட்டு நகலாகிறது, அந்த நகல் துவங்குகிறது. அப்படி ஆயத்தம் செய்த வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கிய கோப்பைத்தான் வட்டுப் படிமம் என்றும் டிஸ்க் இமேஜ் என்றும் சொல்கிறார்கள்.

இதில் என்ன சிரமம் இருக்கிறது, ஒரு இயந்திரத்தில் நிறுவி முடித்து, அணைத்து, அதன் வட்டுக் கோப்பை நகலெடுத்தால் போயிற்று என்று தோன்றும். அப்படி எடுத்த நகலும் பெரும்பாலும் துவங்கத்தான் செய்யும். சிக்கல்கள் அதற்குப் பிறகே ஒவ்வொன்றாக வெளிவரும். ஒரே படிமத்திலிருந்து எழுந்த இரண்டு இயந்திரங்கள் ஒரே ஐ.பி. முகவரிக்குப் போட்டி போடும், 100 ஜி.பி. வட்டு கொடுத்தாலும் உள்ளே 10 ஜி.பி. மட்டுமே தெரியும், படிமத்தைக் கட்டியவரின் கடவுச்சொல் எல்லா நகல்களிலும் உயிரோடு இருக்கும், மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் வேறொன்றுக்குக் கொண்டுபோனால் துவக்கம் பாதியில் நின்றுவிடும். இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. நிறுவி முடித்த வட்டில் எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவானவையும், அந்த ஒரு இயந்திரத்துக்கு மட்டுமே உரியவையும் கலந்து கிடக்கின்றன. பொதுவானதை வைத்துக்கொண்டு தனிப்பட்டதைக் களைவதும், களைந்தது ஒவ்வொரு நகலிலும் புதிதாக முளைக்க வழி செய்வதும்தான் படிமத்தை ஆயத்தம் செய்யும் வேலை. லினக்ஸோடு வரும் ஹைப்பர்வைசரான கே.வி.எம். மேல் ஓடும் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் சர்வர்களை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறேன். விண்டோஸைப் பற்றி இடையில் ஒரு பத்தி வரும்.

படிமக் கோப்பின் உள்ளமைப்பு

வட்டு என்பது எண்ணிட்ட கட்டங்களின் நீண்ட வரிசை. முதல் கட்டங்களில், வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கும். அதைத் தொடர்ந்து, யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில் துவங்கும் கணினி என்றால், இயங்குதளத்தை எழுப்பும் பூட்லோடர் குடியிருக்கும் ஒரு சிறிய பார்ட்டிஷனும், அதற்குப் பின் இயங்குதளத்தின் ரூட் பார்ட்டிஷனும் இருக்கும். இந்த வரிசையை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அது ரா வடிவப் படிமம். ஹைப்பர்வைசர் அந்தக் கோப்பை மெய்நிகர் இயந்திரத்துக்கு ஒரு வட்டாகக் காட்டும்; உள்ளே ஓடும் இயங்குதளத்துக்குத் தான் படிப்பது உண்மையான வட்டா, வேறொரு கணினியில் கிடக்கும் கோப்பா என்பது தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

ரா வடிவம் எளிமையானது, வேகமானது. ஆனால் 20 ஜி.பி. வட்டில் 2 ஜி.பி. மட்டுமே பயன்பட்டிருந்தாலும் கோப்பின் அளவு 20 ஜி.பி. என்றே காட்டும். எழுதப்படாத பகுதிகளுக்கு இடம் ஒதுக்காத ஃபைல் சிஸ்டத்தில் வைத்திருந்தால் உண்மையில் செலவாகும் இடம் குறைவாகத்தான் இருக்கும் என்றாலும், கவனமில்லாமல் வேறொரு இடத்துக்கு நகலெடுத்தால் அந்தச் சிக்கனம் தொலைந்துபோகும். மெய்நிகர் இயந்திர மென்பொருளான கெமுவின் திட்டம் உருவாக்கிய கியூகவ்2 வடிவம் இந்தக் குறையைத் தீர்க்கிறது. அது வட்டை வழக்கமாக 64 கிலோபைட் துண்டுகளாகப் பார்க்கிறது. எந்தத் துண்டில் எழுதப்பட்டதோ அதற்கு மட்டும் கோப்பில் இடம் ஒதுக்கி, எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்கிறது. சுருக்கி வைப்பது, ஒரு படிமத்தை அடித்தளமாகக் கொண்டு அதன் மேல் மாற்றங்களை மட்டும் வேறு கோப்பில் எழுதுவது போன்ற வசதிகளும் அதனால் கிடைக்கின்றன.

வி.எம்.வேருக்கு வி.எம்.டி.கே., விர்ச்சுவல்பாக்ஸுக்கு வி.டி.ஐ., மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி-க்கு வி.எச்.டி. மற்றும் வி.எச்.டி.எக்ஸ். என ஒவ்வொரு தரப்பும் தனக்கென ஒரு வடிவம் வைத்திருக்கிறது. சில இடங்களில் கூடுதல் நிபந்தனைகளும் உண்டு. அஸூருக்கு நிலையான அளவுள்ள வி.எச்.டி.தான் வேண்டும், அதன் மெய்நிகர் அளவும் முழு மெகாபைட்டுகளாக இருக்க வேண்டும். கூகுள் கிளவுட் ரா வடிவக் கோப்பை டிஸ்க்.ரா என்ற பெயரில், டார் கோப்பாகக் கட்டிச் சுருக்கித் தரச் சொல்கிறது. இவ்வளவு வகைகளைப் பார்த்துத் தொடக்கநிலையாளர்கள் மிரள்வதுண்டு, ஆனால் இந்த வேலையிலேயே மிக எளிதான பகுதி இதுதான். கெமு-இம்ஜ் என்ற கட்டளைக் கருவி ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றிவிடும். அது மாற்றுவது வெளிக்கூட்டை மட்டுமே. உள்ளே இருக்கும் இயங்குதளத்தை அது தொடுவதில்லை. வி.எம்.வேரிலிருந்து கே.வி.எம்.முக்கு மாற்றிய படிமம் துவங்கவில்லை என்றால், வடிவ மாற்றத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. கோளாறு பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும்.

எந்த இயந்திரத்திலும் எழுந்து நிற்பதற்கு

கே.வி.எம்.மில் வட்டும் நெட்வொர்க் கார்டும் வழக்கமாக விர்ட்டியோ என்ற முறையில் காட்டப்படுகின்றன. உண்மையான வன்பொருள் ஒன்றைப் போல நடிக்காமல், தான் மெய்நிகர் சாதனம் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு வேகமாக இயங்கும் சாதனங்கள் இவை. இவற்றுக்கான டிரைவர்கள் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. ஆனால் ரூட் பார்ட்டிஷனைத் திறப்பதற்கு முன்பே அந்த டிரைவர் நினைவகத்தில் இருந்தாக வேண்டும், அதை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய துவக்கத் தொகுப்பு. டெபியனும் உபுண்டுவும் வழக்கமாகப் பெரும்பாலான டிரைவர்களை அந்தத் தொகுப்பில் சேர்த்துவிடுகின்றன. ஃபெடோராவும் ரெட் ஹேட்டும் பயன்படுத்தும் டிராகட் கருவியோ, நிறுவிய கணினிக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துச் சேர்க்கும். வி.எம்.வேரில் நிறுவிய அத்தகைய படிமத்தைக் கே.வி.எம்.முக்குக் கொண்டுபோனால் ரூட் வட்டையே காணவில்லை என்று அது நெடுநேரம் தேடிவிட்டு, அவசரகாலத் திரையில் போய் நின்றுவிடும். பொதுவான தொகுப்பை உருவாக்கச் சொல்லும் டிராகட்-கான்ஃபிக்-ஜெனரிக் என்ற பேக்கேஜைப் படிமத்தில் சேர்ப்பது இதற்குத் தீர்வு. விண்டோஸிலும் இதே கதைதான்: விர்ட்டியோ டிரைவரை முன்கூட்டியே நிறுவாமல் வட்டை மாற்றினால், துவக்க வட்டை அணுக முடியவில்லை என்ற நீலத்திரை வரும்.

சாதனங்களின் பெயர்களை நம்பாமல் இருப்பது அடுத்தது. ஓரிடத்தில் எஸ்.டி.ஏ. என்று தெரிந்த வட்டு, விர்ட்டியோவில் வி.டி.ஏ. ஆகிவிடும். ஆகவே பார்ட்டிஷன்களை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலும், பூட்லோடரான கிரப்பின் அமைப்பிலும் பார்ட்டிஷன்களை அவற்றின் தனித்த அடையாளமான யு.யு.ஐ.டி. எண்ணாலோ லேபிளாலோ குறிப்பிட வேண்டும். நெட்வொர்க் இடைமுகத்தின் பெயரும் அப்படித்தான். அது எந்தப் பி.சி.ஐ. இடத்தில் செருகப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும் என்பதால், குறிப்பிட்ட பெயர் ஒன்றுக்கு எழுதிய நெட்வொர்க் அமைப்பைப் படிமத்தில் விட்டுவைக்கக் கூடாது. பழைய சென்ட்ஓஎஸ் 6 காலத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை இருந்தது. முதல் இயந்திரத்தின் நெட்வொர்க் கார்டுக்குரிய எண்ணான மேக் முகவரியோடு இ.டி.எச்.0 என்ற பெயரைப் பிணைத்து ஒரு விதிக் கோப்பில் எழுதி வைத்துவிடும். நகலில் மேக் முகவரி வேறு என்பதால் அங்கே கார்டு இ.டி.எச்.1 ஆகப் பிறக்கும், இ.டி.எச்.0-க்கு எழுதிய அமைப்பு யாருக்கும் உதவாமல் கிடக்கும். இப்போதைய லினக்ஸ்களில் அந்தக் கோப்பு உருவாவதில்லை என்றாலும், பழைய படிமங்களைப் பராமரிப்பவர்கள் அதை இன்றும் தேடி நீக்குகிறார்கள்.

பலரையும் திகைக்க வைப்பது யு.இ.எஃப்.ஐ. துவக்கம். எந்த பூட்லோடரைத் துவக்குவது என்ற குறிப்பு, யு.இ.எஃப்.ஐ. முறையில், வட்டில் எழுதப்படுவதில்லை. மதர்போர்டில் உள்ள அழியா நினைவகத்தில் எழுதப்படுகிறது. மெய்நிகர் இயந்திரத்தில் அந்த நினைவகமும் ஒரு தனிக் கோப்புதான். வட்டை மட்டும் நகலெடுத்தால் அந்தக் குறிப்பு பின்தங்கிவிடும். கட்டிய இடத்தில் பழுதின்றித் துவங்கிய படிமம் புதிய இடத்தில் பூட்லோடரைக் காணாமல் விழிக்கும். குறிப்பு எதுவும் இல்லாதபோது, கணினியின் துவக்க மென்பொருளான ஃபர்ம்வேர் தேடிப் பார்ப்பதற்கென்று ஒரு பொது இடம் வரையறுக்கப்பட்டிருக்கிறது: பூட்லோடர் குடியிருக்கும் அந்தச் சிறிய பார்ட்டிஷனில் ஈ.எஃப்.ஐ. என்ற கோப்பகத்துக்குள் பூட் என்ற கோப்பகம். கழற்றி மாட்டும் வட்டுக்கான தேர்வோடு கிரப்-இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தால் பூட்லோடர் அங்கே போய் உட்காரும். பழைய பயாஸ், புதிய யு.இ.எஃப்.ஐ. இரண்டிலும் துவங்கும்படி ஒரே படிமத்தை அமைக்கவும் முடியும். பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடுவதாக இருந்தால் அந்தச் சிறிய கூடுதல் உழைப்பு வீண்போகாது.

கிளவுடில் பெரும்பாலும் திரை என்று ஒன்று இருப்பதில்லை. துவக்கச் செய்திகள், திரை இல்லாமலே அவற்றை எழுத்துகளாக அனுப்பும் சீரியல் கன்சோலுக்கும் போகும்படி கெர்னலின் துவக்க வரியில் சொல்லி வைக்காவிட்டால், இயந்திரம் துவங்காதபோது காரணத்தை அறிய வழியே இராது.

அடையாளங்களைக் களைதல்

இனி வருவதுதான் வேலையின் மையம். சேவைகளைத் துவக்கி மேலாளும் சிஸ்டம்டி என்ற மென்பொருளைப் பயன்படுத்தும் லினக்ஸ்களில், ஈ.டி.சி. கோப்பகத்தில் மெஷின்-ஐடி என்று ஒரு கோப்பு உண்டு. 128 பிட் நீளமுள்ள ஓர் எண் அதில் 32 பதினறும எழுத்துகளாக எழுதப்பட்டிருக்கும். நிறுவும்போது ஒரு முறை சீரற்ற முறையில் உருவாக்கப்பட்டு, பிறகு மாறாமல் இருக்கும் எண் அது. நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் பதிவேடுகளைப் பிரித்து வைப்பது முதல் பல வேலைகளுக்கு இந்த எண்ணையே இயந்திரத்தின் அடையாளமாக மென்பொருள்கள் எடுத்துக்கொள்கின்றன. தொடக்கத்தில் சொன்ன ஐ.பி. முகவரிப் போட்டியும் இங்கிருந்துதான் பிறக்கிறது. உபுண்டு சர்வர் 18.04 போன்ற பதிப்புகளில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, டி.எச்.சி.பி. சர்வரிடம் முகவரி கேட்கும்போது மேக் முகவரியை அடையாளமாகச் சொல்லாமல், மெஷின்-ஐடியிலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாளத்தைச் சொல்லும். மேக் முகவரிகள் வேறு வேறாக இருந்தும், இரண்டு நகல்களும் ஒரே அடையாளத்தைச் சொல்வதால், பழைய ஆளே திரும்ப வந்திருக்கிறார் என்று எண்ணி டி.எச்.சி.பி. சர்வர் இருவருக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துவிடும். மேக் முகவரியைச் சரிபார்த்தே பொழுதைக் கழிப்பவர்களுக்கு இந்தக் காரணம் எளிதில் பிடிபடாது.

தீர்வு, அந்தக் கோப்பை வெறுமையாக்குவது. கோப்பையே அழித்துவிடுவதைக் காட்டிலும், பைட் ஏதும் இல்லாத வெற்றுக் கோப்பாக விட்டுவைப்பது பாதுகாப்பானது. ரூட் பார்ட்டிஷன் படிப்பதற்கு மட்டும் திறந்திருக்கும் நிலையில்கூட, சிஸ்டம்டி புதிய எண்ணை உருவாக்கி அந்தக் கோப்பின் மேல் தற்காலிகமாகப் பொருத்திக்கொள்ளும். இதுதான் இவ்வியந்திரத்தின் முதல் துவக்கம் என்பதையும் சிஸ்டம்டி உணர வேண்டுமென்றால், வெறுமையாக விடாமல், இன்னும் தொடங்கப்படவில்லை என்று பொருள்படும் அன்இனிஷியலைஸ்டு என்ற சொல்லை மட்டும் கோப்பில் எழுதி வைக்கலாம். ஒரு பொறி இருக்கிறது: நிரல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் டி-பஸ் மென்பொருளுக்கும் தனியே ஒரு மெஷின்-ஐடி கோப்பு உண்டு. பெரும்பாலும் அது முதல் கோப்பைச் சுட்டும் இணைப்பாக இருக்கும். சில நிறுவல்களில் அது தனிக் கோப்பாகவே இருந்துவிட்டால், சிஸ்டம்டி அதில் உள்ள பழைய எண்ணையே எடுத்து மீண்டும் எழுதிக்கொள்ளும். வெறுமையாக்கியும் எண் மாறவில்லையே என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

தொலைவிலிருந்து இயந்திரத்துக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சர்வரின் ஹோஸ்ட் சாவிகள் அடுத்தவை. நாம் இணைவது உண்மையிலேயே நம்முடைய சர்வரோடுதானா என்பதை உறுதி செய்பவை இவை. எல்லா நகல்களிலும் ஒரே சாவி இருப்பது, அடுக்குமாடியின் எல்லா வீடுகளுக்கும் ஒரே பூட்டை மாட்டியதற்குச் சமம். படிமத்தைப் பெற்ற எவரும் அந்த மறைசாவியை எடுத்துக்கொண்டு, மற்றவருடைய சர்வர் போல வேடமிட முடியும். ஆகவே அழித்துவிட வேண்டும், ஆனால் அழிப்பதற்கு முன் யார் திரும்ப உருவாக்குவார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபெடோரா குடும்பத்தில் அதற்கென்றே ஒரு சேவை துவக்கத்தின்போது ஓடும். டெபியனில் ஹோஸ்ட் சாவிகள் பேக்கேஜை நிறுவும்போதுதான் உருவாகின்றன; கிளவுட்-இனிட் போல வேறொரு கருவி உள்ளே இல்லாமல் சாவிகளை மட்டும் அழித்தால், எஸ்.எஸ்.எச். சேவை துவங்கவே துவங்காது, உள்ளே நுழையும் வழியும் அடைபடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சீரற்ற எண்களுக்கான வித்தாகச் சிஸ்டம்டி சேமித்து வைக்கும் கோப்பு எல்லா நகல்களிலும் ஒன்றாக இருப்பது நல்லதல்ல, நீக்க வேண்டும். ஹோஸ்ட் பெயர், டி.எச்.சி.பி. குத்தகைக் கோப்புகள், பதிவேடுகள், இறக்கி வைத்த பேக்கேஜ்களின் சேமிப்பு, கட்டளை வரலாறு, கட்டியவரின் எஸ்.எஸ்.எச். பொதுச்சாவி, கடவுச்சொல் வைத்த சோதனைப் பயனர் ஆகிய எல்லாமும் போக வேண்டும். ஃபைல் சிஸ்டத்தின் யு.யு.ஐ.டி. மட்டும் எல்லா நகல்களிலும் ஒன்றாகவே இருந்துவிட்டுப் போகலாம், பொதுவாகத் தீங்கில்லை. பழுதுபார்ப்பதற்காக ஒரு நகலின் வட்டைக் கழற்றி இன்னொரு நகலோடு மாட்டும்போதுதான் அது கண்ணில் படும், எக்ஸ்.எஃப்.எஸ். ஃபைல் சிஸ்டம் அப்போது இரட்டை எண் என்று சொல்லி இரண்டாவதைத் திறக்க மறுத்துவிடும்.

அழிப்பது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கோப்பை நீக்கும்போது அதன் பெயரும் அது இருந்த இடத்தைப் பற்றிய குறிப்பும்தான் நீங்குகின்றன. உள்ளடக்கம் வட்டின் கட்டங்களில் அப்படியே கிடக்கும். சொந்தக் கணினியில் இது பெரிதாகத் தெரியாது, படிமத்திலோ அந்தக் கட்டங்களையும் சேர்த்துத்தான் பிறருக்கு அனுப்புகிறோம். நீக்கிய கோப்புகளை மீட்கும் சாதாரணக் கருவிகளே அவற்றைப் படித்துவிடும். வெறுமையான இடங்களைப் பூச்சியத்தால் நிரப்புவதோ, எஃப்எஸ்டிரிம் கட்டளையால் விடுவிப்பதோ, விர்ட்-ஸ்பார்சிஃபை கருவியால் படிமத்தைச் சுருக்குவதோ இதைத் தீர்க்கும். கோப்பின் அளவும் கூடவே குறையும். ஆனாலும் மறைசாவிகளையும் கடவுச்சொற்களையும் பொறுத்தவரை, படிமத்துக்குள் ஒருபோதும் வைக்காமல் இருப்பது ஒன்றே நம்பத்தக்க வழி என்பது என் கருத்து. இது வெறும் அச்சமல்ல. ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகர ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டில் அமேசானில் பயனர்கள் பொதுவில் வைத்திருந்த ஏறத்தாழ 1100 படிமங்களை ஆராய்ந்தபோது, சுமார் 30 விழுக்காட்டுப் படிமங்கள் பாதுகாப்புக் குறையோடு இருந்ததையும், கட்டியவர்கள் மறந்துவிட்ட மறைசாவிகள் பலவற்றில் கிடந்ததையும் கண்டார்கள்.

இந்தக் களையெடுப்பைக் கையால் செய்ய வேண்டியதில்லை. லிப்கெஸ்ட்எஃப்எஸ் திட்டத்தின் விர்ட்-சிஸ்பிரெப் கருவி, படிமத்தைத் துவக்காமலேயே வெளியிலிருந்து திறந்து, மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே ஓட்டத்தில் நீக்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் வட்டின் மேல் மட்டும் அதை ஏவிவிடக் கூடாது; இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் ஃபைல் சிஸ்டம் சிதைந்துபோகும்.

விண்டோஸில் இந்தப் பணியைச் செய்வது மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்பிரெப். பொதுமைப்படுத்தும் தேர்வோடு அதை ஓட்டினால், இயந்திரத்தின் பாதுகாப்பு அடையாள எண்ணான எஸ்.ஐ.டி.யையும் வன்பொருள் சார்ந்த குறிப்புகளையும் நீக்கிக் கணினியை அணைத்துவிடும். அடுத்த துவக்கத்தில் புதிதாக வாங்கிய கணினி போல அது கேள்விகள் கேட்கும். இரட்டை எஸ்.ஐ.டி. பேராபத்து என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த எண்ணை மாற்றுவதற்கென்றே தான் உருவாக்கியிருந்த நியூஎஸ்.ஐ.டி. கருவியை மைக்ரோசாஃப்ட்டின் மார்க் ருசினோவிச் 2009-இல் விலக்கிக்கொண்டு, அந்த அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது என்று விளக்கினார். அப்படியிருந்தும் சிஸ்பிரெப் செய்யாத நகல்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு தருவதில்லை, எஸ்.ஐ.டி.யைத் தவிர வேறு பல அடையாளங்களையும் சிஸ்பிரெப்தான் கவனிக்கிறது.

முதல் துவக்கத்தில் நடப்பது

களைந்த பின் படிமத்தில் பயனர் இல்லை, கடவுச்சொல் இல்லை, பெயர் இல்லை. அப்படியானால் உள்ளே நுழைவது எப்படி? இங்கேதான் கிளவுட்-இனிட் வருகிறது. உபுண்டுவை உருவாக்கும் கனோனிக்கலில் தொடங்கி, இன்று ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கிளவுட் படிமங்களிலும் இடம்பெற்றிருக்கும் மென்பொருள் இது. துவக்கத்தின் தொடக்கத்திலேயே ஓடி, தான் எந்தச் சூழலில் இருக்கிறோம் என்று கண்டறிந்து, தனக்கான விவரங்களைத் தேடும். அமேசானிலும் அதைப் பின்பற்றிய பல சேவைகளிலும் 169.254.169.254 என்ற முகவரியில் அந்த விவரங்கள் கிடைக்கும். ஹோஸ்ட் பெயர் இது, இந்தப் பயனரை உருவாக்கு, இந்தப் பொதுச்சாவியை அவருக்குக் கொடு, இந்தப் பேக்கேஜ்களை நிறுவு என்று அங்கே எழுதியிருப்பதை அது செய்து முடிக்கும், ஹோஸ்ட் சாவிகளையும் புதிதாக உருவாக்கும். கிளவுட் சேவை எதுவும் இல்லாமல் சொந்தக் கணினியில் கே.வி.எம். வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு: யூசர்-டேட்டா, மெட்டா-டேட்டா என்ற இரு கோப்புகளை, சி.ஐ.டேட்டா என்று லேபிள் இட்ட ஒரு சிறிய ஐ.எஸ்.ஓ. வட்டில் வைத்து இயந்திரத்தோடு மாட்டினால் போதும். கற்றுக்கொள்ள விரும்புபவர்கள் இதிலிருந்து தொடங்குவதையே பரிந்துரைப்பேன். எந்தச் சேவைக்கும் பணம் கட்டாமல் முழுச் செயல்முறையையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

கிளவுட்-இனிட் தான் ஏற்கெனவே செய்த வேலைகளைக் குறித்து வைத்துக்கொள்ளும். படிமத்தைக் கட்டும்போது ஒரு முறை துவக்கியிருந்தால், அந்தக் குறிப்புகளும் உள்ளே தங்கியிருக்கும். அவற்றை நீக்குவதற்குக் கிளவுட்-இனிட் கிளீன் என்ற கட்டளை இருக்கிறது. அணைப்பதற்கு முன் கடைசியாகக் கொடுக்க வேண்டியது அது.

வட்டை வளர்ப்பதும் முதல் துவக்கத்தின் வேலையே. படிமம் சிறியதாக இருப்பதே நல்லது, 3 ஜி.பி. படிமத்திலிருந்து 100 ஜி.பி. இயந்திரத்தை உருவாக்கலாம், 100 ஜி.பி. படிமத்திலிருந்து 20 ஜி.பி. இயந்திரத்தை உருவாக்குவது பெரும்பாடு. எக்ஸ்.எஃப்.எஸ். போன்ற ஃபைல் சிஸ்டத்தை அதன் சொந்தக் கருவிகளால் வளர்க்கத்தான் முடியும். சிறிய வட்டுக்குள் அடக்க வேண்டுமென்றால் புதிதாக ஒன்றை உருவாக்கிக் கோப்புகளை நகலெடுக்க வேண்டியதுதான். கிடைத்த பெரிய வட்டை நிரப்பும்படி குரோபார்ட் கருவி முதலில் பார்ட்டிஷனை நீட்டும், அதன் பின் ஃபைல் சிஸ்டம் வளர்க்கப்படும். ஆனால் நீட்டுவதற்குப் பின்புறம் காலியாக இருக்க வேண்டும். ரூட் பார்ட்டிஷனுக்கு அடுத்து, நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப் பார்ட்டிஷன் ஒன்று வழியை மறித்துக்கொண்டிருந்தால், வட்டு எவ்வளவு பெரிதானாலும் ரூட் வளராது. சில நிறுவிகள் தாமாகப் பிரிக்கும்போது ஸ்வாப்பை அப்படித்தான் கடைசியில் வைக்கின்றன. ரூட்டைக் கடைசி பார்ட்டிஷனாக வைத்து, ஸ்வாப் வேண்டுமானால் பிறகு ஒரு கோப்பாக உருவாக்கிக்கொள்வது எளிய தீர்வு.

யார் கட்டுவது, எதைக் கொண்டு கட்டுவது

இவ்வளவையும் படித்த பிறகு ஒன்று சொல்லலாம்: தொடக்கநிலையாளர் படிமத்தை வெறும் வட்டிலிருந்து கட்டத் தேவையே இல்லை. டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவை ஆயத்தம் செய்த கிளவுட் படிமங்களைத் தாங்களே வெளியிடுகின்றன. அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைக் கவனிக்க வேண்டும். டெபியனில் ஜெனரிக் என்பது எங்கும் ஓடக்கூடியது. ஜெனரிக்கிளவுட் என்பது மெய்நிகர் சூழலுக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டுமே கொண்ட சிறிய கெர்னலோடு வருவது. நோகிளவுட் என்பது கிளவுட்-இனிட் இல்லாமல், கடவுச்சொல்லின்றி ரூட்டாக நுழைய விடும் சோதனைப் படிமம், அதை இணையத்தில் திறந்துவிடுவது தற்கொலைக்கு ஒப்பானது. இறக்கியதும் எஸ்.எச்.ஏ. சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, விர்ட்-கஸ்டமைஸ் கருவியால் நமக்கு வேண்டிய பேக்கேஜ்களை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

சேர்ப்பது எதுவானாலும் ஆணைக்கோப்பில், அதாவது ஸ்கிரிப்டில், எழுதிச் செய்வதே முறை. கையால் உள்ளே நுழைந்து இதைத் திருத்தி, அதைச் சேர்த்து உருவாக்கிய படிமத்தில் என்ன இருக்கிறது என்பது ஆறு மாதம் கழித்துக் கட்டியவருக்கே தெரியாது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட பேக்கர், ஓப்பன்ஸ்டேக் திட்டத்தின் டிஸ்க்இமேஜ்-பில்டர், டெபியன் அடித்தளத்தை ஒரு கோப்பகத்தில் எழுப்பும் டெபூட்ஸ்டிராப் ஆகியவை இதற்கான கருவிகள். இவற்றுள் பேக்கர், நிறுவியை உண்மையிலேயே ஓட்டி அதன் கேள்விகளுக்குத் தானே விடையளிக்கவும் வல்லது. சிறிய தேவைகளுக்கு விர்ட்-கஸ்டமைஸ் கட்டளைகள் சில வரிகளாக அடங்கிய ஒரு ஷெல் ஆணைக்கோப்பே போதுமானது.

படிமத்துக்குள் எவ்வளவு வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பயன்பாட்டு மென்பொருள் முழுவதையும் உள்ளேயே வைத்துவிட்டால் இயந்திரம் விரைவாக வேலைக்கு ஆயத்தமாகும், ஆனால் சிறு மாற்றத்துக்கும் படிமத்தை மீண்டும் கட்ட வேண்டும். அடித்தளத்தை மட்டும் வைத்து மற்றதை முதல் துவக்கத்தில் நிறுவினால் படிமம் நெடுநாள் உழைக்கும், ஆனால் ஒவ்வொரு துவக்கமும் நெட்வொர்க்கையும் பேக்கேஜ் களஞ்சியத்தையும் நம்பி நிற்கும். மெதுவாக நிறுவப்படுபவையும் அரிதாக மாறுபவையும் உள்ளே, அடிக்கடி மாறும் அமைப்புகளும் மறைச்செய்திகள் அனைத்தும் வெளியே என்று பிரித்துக்கொள்வது பெரும்பாலான இடங்களில் சரிவரும்.

வெளியிடும் முன்

படிமத்தைச் சோதிக்க அதையே துவக்கக் கூடாது. துவங்கிய அந்தக் கணத்தில் மெஷின்-ஐடியும் சாவிகளும் உருவாகி, களைந்ததெல்லாம் மீண்டும் முளைத்துவிடும். அதை அடித்தளமாகக் கொண்டு இரண்டு கியூகவ்2 மேற்கோப்புகளை உருவாக்கி, அவற்றிலிருந்து இரண்டு இயந்திரங்களை அடுத்தடுத்து எழுப்ப வேண்டும். ஒன்றைப் பயாஸிலும் மற்றொன்றை யு.இ.எஃப்.ஐ.யிலும் துவக்கினால் இரண்டு சோதனைகள் ஒன்றாக முடியும். இரண்டிலும் மெஷின்-ஐடி, ஹோஸ்ட் சாவியின் கைரேகை, ஐ.பி. முகவரி ஆகியவை வேறுபடுகின்றனவா, கொடுத்த வட்டின் முழு அளவையும் ரூட் பார்ட்டிஷன் எட்டியிருக்கிறதா, சீரியல் கன்சோலில் செய்திகள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓர் இயந்திரத்தை மட்டும் எழுப்பிப் பார்ப்பவருக்கு இரட்டை அடையாளம் தெரியவே தெரியாது என்பதால்தான் இரண்டு.

தேறிய படிமத்துக்குத் தேதியோடு பெயரிட்டு, சரிபார்ப்புத் தொகையை உடன் வைத்து, அந்தக் கோப்பை எழுத முடியாதபடி பூட்டிவிட வேண்டும். மேற்கோப்புகள் அடித்தளத்தை நம்பியே ஓடுகின்றன. கீழே உள்ள படிமத்தில் ஒரு சிறு திருத்தம் செய்தாலும் மேலே ஓடும் இயந்திரங்களின் ஃபைல் சிஸ்டம் குலைந்துவிடும். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போது பழைய கோப்பைத் தொடாமல், ஆணைக்கோப்பை மீண்டும் ஓட்டிப் புதிய தேதியில் புதிய படிமத்தைக் கட்டி, இனி எழும் இயந்திரங்களை அதிலிருந்து எழுப்பலாம். பழையதை நீக்குவதற்கு முன், எஞ்சியிருக்கும் இயந்திர வட்டுகளின் மேல் கெமு-இம்ஜ் இன்ஃபோ கட்டளையை ஓட்டினால், எது எந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது என்பதை அது காட்டிவிடும். பழைய பெயர் எதிலும் வரவில்லை என்று உறுதியான பிறகு நீக்கலாம்.